வண்டியில் எழுந்து நின்றவர்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் மருமகளும் சின்னவளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நேற்று போனில் ஜூலை 24 உங்கள் ஊரில், சால்ட் லேக் சிட்டியில், விடுமுறை என்றாய். எதற்கு என்று கேட்டதற்கு, "மார்மன்கள் வந்து சேர்ந்த நாள் அம்மா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். ஜோசப் ஸ்மித் அமெரிக்காவில் தொடங்கிய கிறிஸ்தவச் சபையார்தான் மார்மன்கள் என்பதுவரை எனக்கும் தெரியும். முப்பது வருடம் சரித்திரம் நடத்தியவளிடம் இப்படிச் சொல்லலாமா?

போன வருடம் நான் வந்திருந்தபோது, ஊரின் கிழக்கு ஓரத்தில், மலையிடுக்கு முடிந்து பள்ளத்தாக்கு விரியும் இடத்தில் பெரிய நினைவுச்சின்னம் ஒன்றைக் காட்டினாயே, நினைவிருக்கிறதா? உச்சியில் மூன்று பேர். நடுவில் நிற்பவர் மார்மன்களை அங்கே கூட்டிவந்த தலைவர் பிரிகம் யங் என்றாய். பக்கத்தில் இருப்பவர் யார் என்றேன். உதட்டைப் பிதுக்கினாய். அவர் ஹீபர் கிம்பல். நீங்கள் பனிக்காலத்தில் போய் வருகிற ஹீபர் என்ற ஊர் அவர் பெயரைத்தான் சுமக்கிறது. ஊர் திரும்பியதிலிருந்து அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். உன் அப்பா "மதம் மாறப் போகிறாயா" என்று கிண்டல் செய்கிறார். மதம் எனக்கு எதற்கு? மனிதர்தான் விடமாட்டேன் என்கிறார்.

1801-இல் வெர்மான்ட்டில் பிறந்தவர். படிப்பு மிகக் கொஞ்சம். தொழில் மண்பாண்டம். நியூயார்க் மாநிலத்தில் மெண்டன் என்ற ஊரில் திரிகை போட்டு, சூளை வைத்துப் பிழைத்தார். பிரிகம் யங்கும் அதே ஊரில் தச்சுவேலையும் வர்ணவேலையும் பார்த்தவர்தான். ஒரு குயவரும் ஒரு தச்சரும் சேர்ந்து பிற்பாடு ஒரு பாலைநிலத்தில் ஊரை எழுப்பினார்கள் என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

1832 ஏப்ரலில் ஒருநாள் திரிகையில் ஒரு பாத்திரம் பாதி எழும்பி நிற்கிறது. ஜோசப் ஸ்மித்தின் புதிய சபையைச் சேர்ந்த ஒருவர் பட்டறைக்குள் வந்து பேச்சுக் கொடுக்கிறார். பேச்சு முடிவதற்குள் ஹீபர் எழுந்து, இடுப்பில் கட்டியிருந்த முன்துணியை அவிழ்த்தெறிந்து, கையைக் கழுவிக்கொண்டு, தோள்வரை சுருட்டிய சட்டைக் கையோடு ஒரு மைல் நடந்து, காட்டுக்குள் ஓடிய சிற்றோடையில் முழுக்கு, அதாவது ஞானஸ்நானம், வாங்கிவிட்டார். அந்தப் பாத்திரம் என்ன ஆயிற்று? எனக்கு அந்தக் கவலைதான் வந்தது. விலேட்டுக்கும் வந்திருக்கும். விலேட் அவருடைய மனைவி. 1822-இல், பதினாறு வயதில் அவரைக் கைப்பிடித்தவள்.

1837-இல் அவரை இங்கிலாந்துக்குப் போகச் சொன்னார் ஸ்மித். சபை கடல் தாண்டி அனுப்பிய முதல் குழுவுக்குத் தலைவர் இவர். நாக்குத் தடுமாறுகிறவன் நான், இதற்குத் தகுதியில்லை என்று கலங்கியிருக்கிறார். ஆனாலும் போனார். லிவர்பூலில் இறங்கி, பருத்தி ஆலைகள் நிறைந்த பிரஸ்டன் நகருக்குப் போனால் அங்கே தேர்தல் அமளி. தெருவில் பொன்னெழுத்தில் ஒரு பதாகை: "உண்மையே வெல்லும்". நம் ஊர்க் காசுகளில் இருக்கும் வாசகம் மாதிரியே இல்லை? அவர் அதைத் தமக்கு வந்த சேதியாகவே எடுத்துக்கொண்டார். எட்டே நாளில், ஜூலை 30-ஆம் தேதி, ரிபிள் ஆற்றில் ஒன்பது பேருக்கு முழுக்குக் கொடுத்தார். முதல் ஆளாக யார் இறங்குவது என்று ஓட்டப்பந்தயமே நடந்தது. ஜெயித்தவர் ஜார்ஜ் வாட் என்ற இளைஞர். அவர்தான் பின்னாளில் யூட்டாவில் ஆங்கிலத்தை ஒலிப்படி எழுத 38 எழுத்துகள் கொண்ட புது நெடுங்கணக்கு ஒன்றை உருவாக்குவதில் முன்னின்றவர். எழுதுவது ஒன்று, படிப்பது ஒன்று என்று சிறுவயதில் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டிய உனக்கு அவரைப் பிடித்திருக்கும்.

நான் எழுத உட்கார்ந்தது இதற்காக அல்ல. 1839 செப்டம்பர் 18-ஆம் தேதிக்காக.

அதற்கு முந்தைய குளிர்காலத்தில் மார்மன்களை மிசௌரி மாநிலத்திலிருந்து அடித்துத் துரத்தியிருந்தார்கள். போக்கிடமில்லாமல் மிசிசிப்பி ஆற்றங்கரைச் சதுப்பில் வந்து ஒதுங்கினார்கள். அந்த இடம்தான் பிறகு நாவூ நகரமானது. கொசுக் காடு. வீட்டுக்கு வீடு முறைக்காய்ச்சல், நாம் இப்போது மலேரியா என்கிறோமே அது. அந்த நிலையில்தான் தலைவர்களுக்கு மறுபடி இங்கிலாந்துப் பயணம் வந்தது. ஹீபருக்குக் காய்ச்சல். பிரிகம் யங்குக்குக் காய்ச்சல். ஆற்றுக்கு அக்கரையில் பத்து நாள் பச்சைப் பிள்ளையோடு கிடந்த மனைவியை விட்டுவிட்டு வந்தவர் அவர். விலேட் குளிர்நடுக்கத்தோடு படுக்கையில். கைக்குழந்தை பிறந்து நான்கு வாரம்கூட ஆகவில்லை. மற்ற பிள்ளைகளும் நோயில். எழுந்து நடமாடக்கூடியவன் ஒருவன்தான், நான்கு வயது ஹீபர் பார்லி. மேட்டுக்குக் கீழே இருக்கும் ஊற்றுக்குப் போய், இரண்டு லிட்டர் பிடிக்கும் சிறு வாளியில் தண்ணீர் மொண்டு, தள்ளாடித் தள்ளாடி மேலே கொண்டுவருவான். வீட்டுக்கே அந்தத் தண்ணீர்தான்.

அப்பாக்கள் இருவரையும் தாங்கிப் பிடித்து வண்டியில் ஏற்றினார்கள். வண்டி சிறிது தூரம் போயிற்று. தம் உள்ளுறுப்புகளே உருகிவிடும் போலிருந்தது என்று பிற்பாடு ஹீபர் எழுதினார். வண்டியை நிறுத்தச் சொன்னார். "இது கடினம்தான், எழுந்து நின்று அவர்களுக்காக ஒரு குரல் கொடுப்போம்" என்று பிரிகமிடம் சொல்லி, இருவரும் தட்டுத் தடுமாறி எழுந்து நின்று, தொப்பியைத் தலைக்குமேல் மூன்று முறை சுழற்றி, "இஸ்ரவேலுக்கு ஜே!" என்று கத்தினார்கள். இஸ்ரவேல் என்றது தங்கள் சபையாரைத்தான். சத்தம் கேட்டு விலேட் படுக்கையிலிருந்து எழுந்து வாசலுக்கு வந்தாள், சிரித்த முகத்தோடு. போய்வாருங்கள் என்றாள். அவள் காலூன்றி நின்றதைப் பார்த்துவிட்டோம் என்ற ஆறுதலில் வண்டி நகர்ந்தது. திரும்பி வந்தது 1841 ஜூலையில்.

முதல் தடவை படித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜே போட்டவர்களை ஓவியமாக வரைந்து வைத்திருக்கிறார்கள். வாளி தூக்கியவனை?

இரண்டாம் தடவை படித்தபோது வேறொன்று நினைவுக்கு வந்தது. 1991-இல் உன் அப்பா மஸ்கட்டுக்குக் கிளம்பிய வாரம் எனக்கு மஞ்சள்காமாலை. உனக்கு மூன்றரை வயது. எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் எடுத்து வருவாய், வழியெல்லாம் சிந்திவிட்டு அடியில் இருப்பதை மட்டும் கொடுப்பாய். அப்பா டாக்சியில் ஏறிவிட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. தெருமுனையில் வண்டி திரும்பும்போது தலையை வெளியே நீட்டி, "மாவு மில்லில் இரண்டு ரூபாய் பாக்கி இருக்கிறது, கொடுத்துவிடு!" என்று கத்தினார். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு பல வருடம் அந்த இரண்டு ரூபாயை மனதில் வைத்துக்கொண்டு அவரைக் குத்தியிருக்கிறேன். இப்போது ஹீபர் கதையைப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் பேப்பரை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார்.

ஆனால் ஹீபரை நான் அங்கேயே மன்னித்து விட்டுவிட முடியவில்லை. இங்கிலாந்திலிருந்து திரும்பியவருக்கு ஸ்மித் இட்ட அடுத்த கட்டளை, இன்னொரு பெண்ணை மணக்க வேண்டும், விலேட்டிடம் சொல்லக்கூடாது என்பது. அவரும் மறைத்தார். உறங்காமல் கையைப் பிசைந்துகொண்டு நடந்தார் என்கிறார்கள். பிசையட்டும். பிற்பாடு விலேட்டுக்குத் தெரிந்தது. பிரார்த்தனையில் தனக்கே அது வெளிப்பட்டது என்று அவள் சொன்னதாகக் குடும்பத்தார் எழுதிவைத்திருக்கிறார்கள், அவள் ஏற்றுக்கொண்டாள் என்றும். கடைசிக் கணக்கு 43 மனைவியர். அதில் பலர் பெயரளவில் மட்டும். 17 பேர் வயிற்றில் 65 பிள்ளைகள். அதைவிட என்னால் தாங்கமுடியாதது, 1843-இல் தம் மகள் ஹெலனை, பதினான்கு வயதுப் பெண்ணை, ஸ்மித்துக்கே மணம் முடித்துக் கொடுத்தது. ஹெலன் வளர்ந்தபின் பலதார மணத்தை ஆதரித்தே எழுதினாள். அந்த வயதில் பட்ட வேதனையையும் எழுதினாள். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. அந்த நினைவுச்சின்னத்தில் மூன்றாவதாக நிற்கும் வில்ஃபோர்ட் வுட்ரஃப்தான் 1890-இல் இனிப் பலதார மணம் வேண்டாம் என்று அறிவித்தவர் என்பது சிற்பிக்குத் தெரிந்தேதான் இருக்கும்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1844-இல் ஸ்மித்தைச் சிறையில் வைத்துக் கும்பல் கொன்றது. 1846-இல் நாவூவையும் விட்டார்கள். 1847 ஜூலையில் பள்ளத்தாக்குக்குள் இறங்கிய முதல் கூட்டத்தில் ஹீபர் இருந்தார். அந்த ஆண்டு இறுதியிலிருந்து சாகும்வரை பிரிகம் யங்குக்கு முதல் ஆலோசகர். பிரசங்கமென்றால் மண், திரிகை, பிசையப் பிசையப் பதமாகும் களிமண் என்று பட்டறைப் பேச்சுதானாம். அவருடைய பேரன் ஸ்பென்சர் கிம்பல் சபையின் தலைவராகி, கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம் இல்லை என்றிருந்த தடையை 1978-இல் நீக்கினார். அது நம் காலத்துச் செய்தி.

உன் வீட்டுக் கதவைத் தட்டிய அந்த இரண்டு மார்மன் ஊழியப் பையன்கள், வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பெயர்ப்பட்டையுமாக, நினைவிருக்கிறதா? நான் மோர் கொடுத்தேன், ஒருவன் முகம் கோணாமல் குடித்துவிட்டான். 2019 வரைக்கும் அவர்கள் வருடத்துக்கு இரண்டு முறைதான் வீட்டுக்குப் போன் பேசலாம், இப்போது வாரம் ஒருமுறை பேச விடுகிறார்கள் என்றான். எந்த அம்மாவோ சண்டை போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

விலேட் 1867 அக்டோபர் 22-இல் இறந்தாள். ஹீபர் 1868 ஜூன் 22-இல் போய்ச் சேர்ந்தார், சரியாக எட்டு மாதம். இருவரையும் புதைத்த குடும்பக் கல்லறை உங்கள் ஊர் மார்மன் கோயில் சதுக்கத்துக்கு வடக்கே, வீடுகளுக்கு நடுவில் இருக்கிறது. 24-ஆம் தேதி மலைக்குப் போகும் வழியில் அரைமணி ஒதுக்கி அங்கே போய் ஒரு படம் எடுத்து அனுப்பு. அவள் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும்.

நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பியிருக்கிறேன். ஈரக் கரண்டி போடாதே.

அன்புடன்,
அம்மா