எந்தச் சுரத்தை விடலாம்?

வெள்ளவத்தை, கொழும்பு

அன்புள்ள பிள்ளைக்கு,

சிநேகிதி பாடும்போது கூட வாசிக்கவென்று நீ அனுப்பிய புச்சினிப் பாட்டை நம் வீட்டுப் பியானோவில் வாசித்துப் பார்த்தேன். கடற்காற்றில் மேலே இரண்டு கட்டை ஒட்டிக்கொள்கிறது, ஆனாலும் விஷயம் விளங்கிவிட்டது. கை எட்டவில்லை என்று நீ கலங்கியதில் நியாயம் இருக்கிறது. 1918இல் நியூயோர்க்கில் மேடையேறிய, இந்தப் பாட்டு வரும் 'ஜான்னி ஸ்கிக்கி' என்ற ஒபேராவுக்கு, அதாவது இசை நாடகத்துக்கு, வாசித்தது ஒரு முழு ஓர்கெஸ்ட்ரா. அத்தனை பேர் வாசித்ததை இரண்டு கைக்குள் அடக்கிய பிரதிதான் உன்னிடம் இருப்பது. அதில் சிலதை விடுவதால் புச்சினிக்கு ஒரு குறையும் வராது.

முதலில் இடக்கையை மட்டும் வாசி. அடிச்சுரத்தை மாற்றவே கூடாது, பாடுகிறவள் அதை நம்பித்தான் நிற்கிறாள். ஒக்டேவாக, ஒரே சுரம் மேலும் கீழுமாக, இருந்தால் கீழ்ச்சுரம் ஒன்று போதும். எட்டில் ஆறு தாளம் அல்லவா, ஆறு சுரமும் ஓடவில்லை என்றால் முதலாவதையும் நாலாவதையும் பிசகாமல் வை. மிச்சத்தை, ஒலியை நீட்டும் பெடல் பார்த்துக்கொள்ளும்.

வலக்கையில்தான் நிறையக் குறைக்கலாம். ஓர்கெஸ்ட்ராவில் வயலின்கள் பாடகியின் மெட்டையே கூட வாசிக்கின்றன, அது அப்படியே உன் வலக்கைக்கு வந்திருக்கிறது. உன் சிநேகிதிக்கு மெட்டு உறுதி என்றால் அதை விட்டு, நடுச்சுரங்களை மட்டும் பிடி. ட்ரெமலோ, ஒரே சுரத்தை விடாமல் நடுக்கி வாசிப்பது, வயலின் வில்லுக்கு உரியது, பியானோவில் அது பெரும்பாலும் இரைச்சல்தான். கோர்ட்டை, சேர்ந்தொலிக்கும் சுரங்களை, ஒருமுறை அழுத்திப் பிடித்து, ஒலி தேயும்போது மெல்ல இன்னொருமுறை தொடு.

எல்லாப் பாட்டுக்கும் இதே வைத்தியம் செய்யாதே. மொசார்ட்டின் 'ஃபிகாரோ' ஒபேராவில், 1786இல் வந்தது, 'வோய் கே சபேதே' பாடும்போது கதையில் சுசன்னா கிற்றார் வாசிக்கிறாள். அதற்காக ஓர்கெஸ்ட்ராவில் தந்திகளை விரலால் மீட்டுகிறார்கள். அங்கே பெடல் வேண்டாம். சுரங்களைப் பாதியாக்கினாலும் பரவாயில்லை, மீட்டுகிற துள்ளல் மட்டும் போகக்கூடாது.

சூபேர்ட்டின் 'எர்ல்கோனிக்' ஒபேரா இல்லைதான், ஆனாலும் சொல்கிறேன். வலக்கை மும்மூன்றாக ஓயாமல் அடிக்க வேண்டிய பாட்டு. அதை இரண்டிரண்டாகக் குறைத்து ஒரு வடிவத்தை அவரே எழுதியிருக்கிறார். இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனதுக்கு எவ்வளவு தெம்பு தெரியுமா!

பாட்டு நிற்கும் இடங்களில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கிருதி நடக்கும்போது அடக்கி வாசிக்கும் மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனத்தில் கையைத் திறப்பாரே, அப்படி வாசி. முன்னிசையையும் இடையிசையையும்தான் நீ மணிக்கணக்காகப் பழக வேண்டும். அவள் பாடத் தொடங்குவதற்கு முன் வரும் கோர்ட்டும் முழுதாக ஒலிக்கட்டும், சுருதியை அதில்தான் பிடிப்பாள். அவள் மூச்செடுக்கும் இடத்தில் நீயும் மூச்செடு.

விடுகிற சுரங்களைப் பென்சிலால் வட்டமிட்டு வை. ஒருநாள் விட்டதை மறுநாள் வாசித்தால் அவள் தடுமாறிப்போவாள். கடைசிப் பக்கத்தில் கஷ்டமான பார்களை, அதாவது தாளக் கட்டங்களை, நான் சுருக்கி எழுதி, படமெடுத்து வட்ஸ்அப்பில் போடுகிறேன். விரல் ஒழுங்கு உன் கைக்கு ஒத்துவருகிறதா என்று பார்த்துச் சொல்லு. இரண்டு பேரும் சேர்ந்து வாசித்தால் பதிவு செய்து அனுப்பு, அப்பாவும் கேட்க வேண்டுமாம்.

அன்புடன்,
அம்மா