ஆளுநர் குழு பற்றிப் பெற்றோர் கவனத்திற்கு

உறுப்பினர்களுக்கு வணக்கம். இங்கிலாந்துத் திருச்சபையின் தொடக்கப் பள்ளிகளில் 'ஆளுநர்' என்பவர், நம் ஊர் ஆளுநரைப் போல மாளிகையில் இருப்பவர் அல்லர். பள்ளியை மேற்பார்வையிடும் குழுவில் ஊதியமின்றிப் பணியாற்றும் தன்னார்வலர்.

1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் வழிவந்த, திருச்சபை அறக்கட்டளை சார்ந்த, அரசு உதவிபெறும் (voluntary aided) பள்ளிகளில், ஆசிரியர்களைப் பணியமர்த்துவதும், சேர்க்கை விதிகளை வகுப்பதும், கட்டடப் பெருஞ்செலவில் பொதுவாக 10 விழுக்காட்டை ஏற்பதும் ஆளுநர் குழுவின் பொறுப்பு என்பதோடு, அக்குழுவில் அறக்கட்டளை சார்பில் நியமிக்கப்படுவோர் மற்ற அனைவரையும்விட இருவராவது கூடுதலாக இருக்க வேண்டும்.

அன்றாட நிர்வாகம் தலைமை ஆசிரியருடையது. ஆகவே பிள்ளைகள் பற்றிய குறைகளை முதலில் வகுப்பாசிரியரிடமே தெரிவியுங்கள். பெற்றோர் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆளுநர் இடங்களுக்கு நம்மவர்களும் தயங்காமல் போட்டியிடலாம்.