கதவில் தொங்கும் பால் பாக்கெட்: அடுக்ககச் சங்கங்களுக்கு ஒரு மடல்

சென்னை அடுக்ககங்களின் சங்கச் செயலாளர்களுக்கு வணக்கம்.

உங்கள் பிளாக்கில் தனியாக வாழும் பெரியவர்கள் எத்தனை பேர்? மெயின்டனன்ஸ் பட்டியலைப் பார்த்தால் தெரியாது. கேட்டு எழுதுங்கள்: வீட்டு எண், மருத்துவர், பிள்ளைகளின் போன் எண், கூடவே அரை மணி நேரத்தில் நேரில் வரக்கூடிய ஒருவரின் எண். பெரும்பாலும் விடுபடுவது இந்தக் கடைசி எண்தான். அமெரிக்காவிலிருக்கும் மகன் போனை எடுப்பார்; கதவைத் திறக்க அவரால் முடியாதே.

காலை 9 மணிக்கும் பால் பாக்கெட் கதவிலேயே தொங்கினால் மணி அடியுங்கள். பதில் இல்லையா, போன் செய்யுங்கள். அதற்கும் இல்லையென்றால் மாற்றுச் சாவி. வாட்ச்மேனை மட்டும் நம்பி இதை விட்டுவிடக் கூடாது. பல இடங்களில் 8 மணிக்கு ஷிப்ட் மாறும்; புதிதாக வந்தவருக்குப் பால் எப்போது போட்டார்கள் என்றே தெரியாது. அதே மாடியில் ஒரு வீடு பொறுப்பேற்கட்டும். ஊருக்குப் போகிறவர் அந்த வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். இரண்டு முறை வீணாகப் பதறினால் மூன்றாம் முறை யாரும் தட்ட வரமாட்டார்கள்.

சாவி இருந்தும் உள்தாழ்ப்பாள் போட்டிருந்தால் பயனில்லை. வெளியிலிருந்து சாவியால் திறக்கக்கூடிய பூட்டைப் போட்டுக்கொடுத்து, தாழ்ப்பாளை விட்டுவிடச் சொல்லுங்கள். குளியலறைக்கும் இதே ஏற்பாடு வேண்டும். விழுந்தவர் பல மணி நேரம் தரையிலேயே கிடந்தால், எலும்பு முறியாவிட்டாலும் தசை சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.

இதெல்லாம் உயிரைக் காக்கும்; தனிமையைப் போக்காது. அதற்கு, கீழே இறங்கி வர ஒரு காரணம் வேண்டும். "ஏதாவது உதவி வேணுமா?" என்று கேட்டால் "வேண்டாம்பா" என்பார்கள். அவர்களிடம் உதவி கேளுங்கள்: தண்ணீர் லாரிக் கணக்கு, பூத்தொட்டிகள், பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம். கூட்டத்தில் மைக் வையுங்கள். காது மந்தமானவர் இரண்டு கூட்டம் வருவார், மூன்றாவதற்கு வரமாட்டார். பெஞ்சைப் பின்பக்கத் தோட்டத்தில் போடாதீர்கள். ஆள் நடமாடும் கேட் பக்கம், நிழலில், சுமார் 45 செ.மீ. உயரத்தில், முதுகுச் சாய்மானத்தோடு போடுங்கள். கைப்பிடி கட்டாயம், அது இல்லாமல் மூட்டுவலிக்காரர் எழமாட்டார், எழ முடியாது என்பதால் உட்காரவும் மாட்டார்.

லிப்ட் பழுதானால் மூன்றாம் மாடிக்காரர் வீட்டுக்குள்ளேயே அடைபடுகிறார். வாட்ஸ்அப்பில் போட்டால் மட்டும் போதாது. கதவைத் தட்டிச் சொல்லி, மாத்திரையும் காய்கறியும் வேண்டுமா என்று கேளுங்கள்.

தேசிய முதியோர் உதவி எண் 14567. காலை 8 முதல் இரவு 8 வரை, கட்டணமில்லை. அவசரத்துக்கு 108. இரண்டையும் லிப்டுக்குள் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள்.

அன்புடன்,
முதியோர் நலப் பணியாளர்கள்