கிளிவெட்டியில் நட்ட முருங்கை

திருக்கோணமலை,
மார்கழி, திருவெம்பாவைக் காலம்.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. "போனில மணிக்கணக்காக் கதைக்கிற மனிசன் ஏன் கடிதம் எழுதினவர்?" என்று இவள் கேட்டாள். வாசித்து முடித்தபோது எனக்கு விளங்கியது. இதில் பாதி வாயால் சொல்ல வராத கதை. ஆகவே நானும் பேனையை எடுத்துவிட்டேன். எழுத்து கோணல் மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

முதலில் ஊர்ப் புதினம். மாரி, மழை விட்டு விட்டுப் பெய்கிறது. கடல் கொந்தளிப்பு, சின்ன வள்ளக்காரர் எல்லாரும் கரையில்தான். மீன் விலை கேட்கிற நிலையில் இல்லை. மார்கழி என்றபடியால் எங்கள் வீட்டில் எப்படியும் மரக்கறிதான், அந்த வகையில் ஆதாயம். கோட்டைப் பக்கம் நின்ற மான்கள் இப்போது நகரத் தெருவெல்லாம் திரிகின்றன. வெளிநாட்டுக்காரர் ஆசையாகப் படம் எடுக்கிறார்கள். என் வெண்டிக் கன்றுகளைத் தின்றதற்கு நான் யாரிடம் போய் முறையிட? விடியப்புறத்தில் சங்கும் சேமக்கலமும் தெருவால் போகின்றன. விடுதியில் இருந்த காலத்தில் அந்தச் சேமக்கலத்தை யார் அடிப்பது என்று நீ பிடித்த சண்டை எனக்கு ஒவ்வொரு மார்கழியும் ஞாபகம் வரும். எனக்கு முழங்கால் நோ. கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலை ஏறுவது என்றால் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கவேண்டி இருக்கிறது. மற்றப்படி சுகம்.

சரி, உன் விஷயம்.

கிழமைக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணித்தியாலம் அந்த டயலிசிஸ் கதிரையில் கிடக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். மாற்றுக் கிட்னிக்கான வரிசையில் பெயர் பதிந்தாயிற்று, அழைப்பு எந்த நேரமும் வரலாம், வராமலும் போகலாம், குளிக்கப் போகும்போதும் போனைக் கையோடு கொண்டு போகிறேன் என்கிறாய். கடைசியில் இரண்டு முறை அடித்து எழுதியிருக்கிறாய்: "ஒண்டுக்கும் உதவாத என்னைக் கடவுள் என்னத்துக்கு வச்சிருக்கிறார்?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. எல்லாம் நன்மைக்கே என்றும் எழுதமாட்டேன். பொறுமை, பொறுமை என்று சொல்லி அடுத்தவன் வாயை மூடுகிறவர்களை நம்புவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். 2017இலிருந்து, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தெருவில் இருக்கிற தாய்மாரிடம் போய்ப் பொறுமையைப் பற்றி யாராவது பேசினால் எனக்குக் கோபம்தான் வரும். ஆகவே உனக்கும் போதிக்க வரவில்லை. அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். நீ எண்பதுகளிலேயே கனடாவுக்குப் போய்விட்டாய், அந்த முகாம் காலத்தை உனக்கு ஒழுங்காகச் சொன்னதே இல்லை.

2006 சித்திரையில் சண்டையால் எங்கள் ஊர் சம்பூரை விட்டு வெளிக்கிட்டோம். உடுத்த உடுப்பும், அம்மா சேலையில் கட்டின ஒரு மூட்டையும். வெருகல் தாண்டி மட்டக்களப்புப் பக்கம் அலைந்து, மறுகா கிளிவெட்டி முகாமில் கொண்டுவந்து விட்டார்கள். தகரக் கொட்டில். மத்தியான வெய்யிலுக்குள் உள்ளே இருக்க ஏலாது. சம்பூர் அங்கிருந்து சைக்கிளில் போய் வரக்கூடிய தூரம், அதுதான் கொடுமை. அடுத்த மாதம் போகலாம், தைக்குள்ளே போகலாம், பெரும்போகத்துக்கு முதல் போகலாம் என்று ஒவ்வொரு கதை வரும். கதை வந்த அன்றைக்கு எல்லாரும் தூங்கமாட்டார்கள்.

எங்களுக்குப் பக்கத்துக் கொட்டிலில் இருந்தவர் தன் தகரப் பெட்டியைக் கட்டிய கயிற்றைக் கடைசி வரைக்கும் அவிழ்க்கவே இல்லை. அவிழ்த்தால் இங்கேயே இருந்துவிடுவோம் என்று பயம். அவரை நான் குறை சொல்லமாட்டேன், அந்தக் கயிறுதான் அவருடைய நம்பிக்கை. ஆனால் அம்மா வந்த அன்றைக்கே மூட்டையை அவிழ்த்தா. அடுத்த நாள் எங்கேயோ போய் ஒரு முருங்கைக் கொம்பு வாங்கிக்கொண்டு வந்து கொட்டிலுக்குப் பின்னால் நட்டா. பக்கத்து மனிசி கேட்டா, "என்ன அக்கா, இஞ்சயே நிரந்தரமா இருக்கிற எண்ணமோ?" அம்மா சொன்னா, "முருங்கைக்குத் தெரியுமே நாங்கள் எப்ப போவம் எண்டு?"

பின்னேரம் ஒரு போத்தல் விளக்கைக் கொளுத்தி, சம்பூர் பத்திரகாளி கோயில் இருக்கிற திக்கைப் பார்த்து நின்று கும்பிடுவா. என்ன கேட்கிறா என்று ஒரு நாள் ஒதுங்கி நின்று கேட்டேன். அந்த வரிசையில் எந்தப் பிள்ளைக்கு இருமல், யாருடைய பெடிச்சிக்கு ஓ.எல். சோதினை, எந்த மனிசன் குடித்துவிட்டு அடிக்கிறான், எல்லாம் பெயர் பெயராகச் சொல்கிறா. சம்பூர் கடைசியில்தான் வந்தது, அதுவும் ஒரு வரி. நான் அப்போது தினமும் பேப்பரில், அரசாங்கம் பிடித்து வைத்திருந்த எங்கள் காணிகளை விடுகிற செய்தி தேடுகிறவன். வேறு ஒன்றிலும் மனம் நிற்காது. பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கும்போதும் என் கண் வாசலில்தான் இருக்கும், யாராவது செய்தி கொண்டு வருகிறார்களா என்று. அம்மாவும் காத்துக்கொண்டுதான் இருந்தா, என்னை விடக் கூடுதலாக. ஆனால் அவவுடைய நாள் காலியாக இருந்ததை நான் காணவில்லை.

சும்மா இருந்தா என்று நினைத்துவிடாதே. மனு எழுதினால் முதல் கைநாட்டு அம்மாவுடையது. வெய்யிலில் பதாகை பிடித்து நிற்கவும் போனா, நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல. திரும்பி வந்து முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றுவா.

2014இல் அம்மா போய்விட்டா. அந்தியேட்டிச் சடங்கு கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில்தான் செய்தோம், ஏழு கிணற்றிலும் தண்ணீர் அள்ளி. அடுத்த வருடம் காணிகளை விடத் தொடங்கினார்கள், மிச்சம் 2016இல். ஊருக்குத் திரும்பினவர்களில் யாரோ அந்த முருங்கையில் கொம்பு வெட்டி உழவு இயந்திரத்தில் கட்டிக்கொண்டு போனார்களாம். இப்போது சம்பூரில் இரண்டு மூன்று வளவில் நிற்கிறதாகச் சொல்கிறார்கள். இதை ஒரு பெரிய அற்புதமாக்க எனக்கு விருப்பமில்லை. முருங்கை எங்கே குத்தினாலும் வரும். எனக்குள் நிற்கிற கேள்வி வேறு. அம்மா காத்திருந்தது கிடைக்கவில்லையே, அந்த எட்டு வருடமும் வீணா? கன கால‌ம் யோசித்தேன். வீண் என்று சொல்ல என்னால் முடியவில்லை மச்சான். இருமல் பிடித்த பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி இப்போது தாதி, வழியில் கண்டால் "அம்மம்மா" என்று தொடங்கி அழுகிறாள்.

நீ கோயில் குளத்தில் பெரிய நம்பிக்கை வைக்காதவன். என்றாலும் கோணேசரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1620களில் போர்த்துக்கேயர் இடித்துக் கோட்டை கட்டினதைச் சமூகக்கல்வி வகுப்பில் படித்தோம். அதற்குப் பிறகு நடந்ததை எங்களுக்கு யாரும் படிப்பிக்கவில்லை. இடிக்க முதல் சில விக்கிரகங்களை எடுத்து ஒளித்தார்கள், சிலதை மண்ணுக்குள் புதைத்தார்கள். தம்பலகாமத்தில் ஆதிகோணநாயகருக்குக் கோயில் எழும்பிப் பூசை நடந்தது. இங்கே மலையிலே ஒன்றும் இல்லை, வெறும் பாறை. அந்தப் பாறை விளிம்பில் நின்று கடலுக்குள் பூவும் வெற்றிலையும் போட்டுக் கற்பூரம் காட்டினார்கள். 19ஆம் நூற்றாண்டில் வந்த ஆங்கிலேயர் அதைப் பார்த்து வியந்து எழுதி வைத்திருக்கிறார்கள். 1950இல் கிணறு வெட்டப் போனவர்களின் மண்வெட்டியில் சோமாஸ்கந்தரும் பார்வதியும் பிள்ளையாரும் பட்டார்கள். 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கடலுக்கு அடியில் இடிந்த தூண்களைக் கண்டார்கள். 1963இல் கும்பாபிஷேகம்.

கணக்குப் பார், முந்நூறு வருடத்துக்கு மேல். புதைத்தவர்களில் ஒருவரும் வெளியில் எடுத்ததைக் காணவில்லை. எடுத்தவர்கள் தண்ணீர் தேடி வெட்டினார்களே தவிர சாமி தேடி வெட்டவில்லை. நடுவில் தலைமுறை தலைமுறையாக வந்த அந்தப் பூசகர்கள்தான் எனக்கு வயது ஏற ஏறப் பெரிய ஆட்களாகத் தெரிகிறார்கள். கோயில் இல்லை, மூலஸ்தானம் இல்லை, காற்றில் கற்பூரம் அணைந்து அணைந்து போயிருக்கும். கோயில் வரட்டும், பிறகு பூசை செய்வோம் என்று அவர்கள் இருந்திருந்தால், மண்வெட்டியில் பட்டதை யார் அடையாளம் கண்டிருப்பார்கள்? அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கும்.

இந்த நாட்களில் திருவெம்பாவை கேட்கும்போது மாணிக்கவாசகரையும் நினைக்கிறேன். கூட இருந்த அடியார்கள் சோதியில் கலந்தார்கள், இவரை மட்டும் "நீ இரு" என்று விட்டுவிட்டார் என்றுதான் கதை. திருவாசகத்தில் பாதி, விடப்பட்டவனின் புலம்பல். என்னை ஏன் விட்டாய் என்று அவர் கேட்டது நீ எழுதிய அதே கேள்விதான், அவர் கொஞ்சம் நல்ல தமிழில் கேட்டார்.

இனி உன் கடிதத்துக்கே வருகிறேன். நான் அதை இன்னொரு முறை எடுத்து வாசித்தேன், வாத்தியார் புத்தி. உன் கிட்னியைப் பற்றி ஐந்து வரிதான் எழுதியிருக்கிறாய். அடுத்த கதிரைக் கயானாக்காரரைப் பற்றி ஒன்றரைப் பக்கம். அவருக்குப் பெண்சாதி இல்லை, பிள்ளைகள் எட்டிப் பார்ப்பதில்லை, இனி வரமாட்டேன், போதும் என்று அவர் சொன்னதும், நீ அவரைத் திட்டி, அடுத்த முறை உன் காரிலேயே ஏற்றிக்கொண்டு போனதும், அவருடைய பாட்டி சென்னையில் கப்பல் ஏறிக் கரும்புத் தோட்டத்துக்குப் போனதும், தமிழ் ஒரு சொல்லும் தெரியாத அந்த மனுசன் "மாரியம்மா" என்று மட்டும் ஒழுங்காகச் சொல்வதும். ஒன்றுக்கும் உதவாதவன் எழுதுகிற கடிதமா இது? நீ கேட்ட கேள்விக்குப் பதில் உன் கையெழுத்திலேயே மூன்றாம் பக்கத்தில் கிடக்கிறது. நீ கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

உன் குரல் இப்போது எப்படி இருக்கிறதோ தெரியாது. காலைக் கூட்டத்தில் நீ தேவாரம் பாடினால் அதிபரே கண்ணை மூடிவிடுவார். அந்த மனுசனுக்கு ஒரு மாரியம்மன் பாட்டுச் சொல்லிக் கொடேன். அர்த்தம் தெரியாமல் நூறு வருடமாக ஒரு பெயரைக் காப்பாற்றி வைத்திருக்கிற ஆட்களுக்கு ஒரு பாட்டாவது சேரட்டும். மிஷினில் இருக்கும்போது பிரஷர் இறங்கினால் பாடாதே, தாதி என்னைத் திட்டுவா.

இன்னொன்று, இது கட்டளை. பின்னேரம் அரை மணித்தியாலம் போனைத் தங்கச்சியின் கையில் கொடுத்துவிடு. அழைப்பு வந்தால் அவள் எடுப்பாள், உன்னை விடத் தெளிவாகக் கதைப்பாள். அந்த நேரம் சாமி கும்பிடு, கும்பிடாமல் பனியைப் பார்த்துக்கொண்டிரு, உன் இஷ்டம். என்ன செய்தாலும் காதை மணிச் சத்தத்தில் வைக்காதே.

தையில் எங்கள் ஒழுங்கையில் ஒரு பெடியன் ரொறன்ரோ வருகிறான். தம்பலகாமத்துப் பச்சரிசியும் கொஞ்சம் எள்ளுருண்டையும் கொடுத்துவிடுகிறேன். எள்ளுருண்டையை டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடு, அவர் மறுத்தால் கயானாக்காரருக்கும் கொடுக்காதே, அவருக்கும் அதே வருத்தம். நீ கேட்ட கறுத்தக் கொழும்பான் மாம்பழம் கனவிலும் வேண்டாம். பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடும் என்று நீயே எழுதிவிட்டு நீயே கேட்கிறாய். இளநீருக்கும் அதே தடை என்று கேள்விப்பட்டு இவள்தான் கவலைப்பட்டாள், திருக்கோணமலைக்காரனுக்கு இளநீர் கூடாதென்றால் பிறகு என்ன என்று.

அந்த மனுசன் அடுத்த முறை வந்தாரா என்று உடனே எழுது.

உன் மச்சான்.