கோடாலியா, அரிவாளா?

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே எல்லாரும் நலம். முழங்கால் வலிதான் அவ்வப்போது தலைகாட்டுகிறது.

சரி, தோட்ட வேலைக்குக் கைக்கோடாலி வாங்குவதா, அரிவாள் வாங்குவதா என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு அரிவாளை வாங்கு. நீ சொல்கிற புதருக்கும் பச்சைக் கொப்புகளுக்கும் அதுதான் சரி. விரல் தடிமனுள்ள சிம்பைக் கோடாலியால் வெட்டிப் பார், வளைந்து விலகிப் போய்விடும். அரிவாளின் வளைந்த மூக்கு அதை உள்ளே இழுத்து அறுத்துவிடும். தகடு மெல்லியது, நீளமானது. கனத்தைவிடக் கைவீச்சின் வேகம்தான் அதில் வேலை செய்கிறது.

கோடாலியில் கனம் முழுக்கத் தலையில்தான். கைக்கோடாலியிலேயே ஏறக்குறைய அரை கிலோ இரும்பு ஒரே இடத்தில் திரண்டிருக்கும். வெட்டும் வாயிலிருந்து பின்னால் போகப்போகத் தடித்துக்கொண்டே போகும். விறகைப் பிளப்பது அந்தத் தடிப்புதான். கூர் உள்ளே இறங்கியதும் பின்னால் வரும் இரும்பு ஆப்பாக நின்று மரத்தை இரண்டு பக்கமும் விலக்கிவிடும். காய்ந்த கட்டையில் அரிவாளை ஓங்கிப் போட்டால் அப்படியே சிக்கிக்கொள்ளும். ஆட்டி ஆட்டிப் பிடுங்கும்போது வாய் பல் விழுந்துவிடும். விறகு உடைக்கிற வேலை வந்தால் கோடாலியையும் வாங்கத்தான் வேண்டும்.

எதை வாங்கினாலும் கொப்பை நேராக வெட்டாதே, சாய்த்து வெட்டு. நாருக்குக் குறுக்கே நேராகப் போனால் வெட்டு ஆழமாக இறங்காது.

அப்புறம், கைக்கோடாலிதானே, சின்னதுதானே என்று நினைத்துவிடாதே. எனக்கு அதில்தான் பயம். காம்பு குட்டையாக இருப்பதால், குறி தவறினால் வீச்சு தரைக்குப் போகாமல் நேராக முழங்காலுக்குக் கீழே வந்துவிடும். விறகை அடிக்கட்டை மேல் நிறுத்தி, நீ மண்டியிட்டுக்கொண்டு பிள. அப்போது தவறினாலும் கட்டையிலோ மண்ணிலோதான் இறங்கும். கோடாலித் தலை ஆடுகிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொள். காம்பு காய்ந்து சுருங்கினால், தலையை இறுக்கக் காம்பில் அடித்திருக்கும் ஆப்பு தளர்ந்துவிடும்.

சாணை பிடிக்கக் கொடுத்தால் பக்கத்திலேயே நில். சக்கரத்தில் அழுத்திப் பிடித்து, சூட்டில் வாய் நீலம் பாய்ந்துவிட்டால் இரும்பின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. அரத்தால் நீயே நிதானமாக ராவிக்கொண்டால் இன்னும் நல்லது.

வாங்கியதும் எழுது. பிடி உன் கைக்கு அடக்கமாக இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடு.

அன்புடன்,
சேகர்