பின்னால் யார் நிற்பது

சங்ககிரி,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள கண்ணு,

நல்லா இருக்கிறாயா? இங்கே எல்லோரும் சுகம். போனில் பேச ஆரம்பித்தால், "மீட்டிங் இருக்கு, அப்புறம் கூப்பிடறேன்ப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். தங்கச்சியிடம் கொடுக்காமல் நானே படம் எடுத்து அனுப்பப் பழகிக்கொண்டேன். எழுத்து புரியாவிட்டால் பெரிதாக்கிப் பார்.

நீ பிக்கப்பில் மாட்டி இழுக்க வாங்கிய வீட்டு ட்ரெய்லரின் போட்டோவை ஷெட்டில் எல்லோருக்கும் காட்டினேன். 26 அடி என்றதும் பவானி மாமா, "ரத்தம் சும்மா விடுமா" என்றார். முப்பத்திரண்டு வருஷம் வண்டி ஓட்டினேன். உன் கை ஸ்டீயரிங் பக்கமே போகக்கூடாது என்றுதான் படிக்க வைத்தேன். நீ டெக்சாசில் உட்கார்ந்து ட்ரெய்லர் இழுக்கிறாய். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வாங்குவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வீடு வாங்கியபோது கேட்டாய். பால் காய்ச்ச நாள் குறித்துக் கொடுத்ததே நான்தான். சரி, அது இருக்கட்டும்.

போன வாரம் உன்னிடம், ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் யார் நிற்பது என்று கேட்டேன். "யாரும் வேண்டாம்ப்பா, வயர்லெஸ் கேமரா போட்டுக்குவேன்" என்றாய். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. காலையில் எழுந்து, ஆம்னி பஸ்களுக்குக் கேமரா மாட்டுகிற எலக்ட்ரீஷியன் தம்பியின் பட்டறைக்குப் போனேன். நாலு நாள் கூடவே உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன். நீ அனுப்பிய லிங்க்கையும் காட்டினேன். அவன் சொன்னதையும் எனக்குத் தெரிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நீ பார்த்து வைத்திருக்கும் காந்தக் கேமரா வேண்டாம். காந்தம் இரும்பில்தான் ஒட்டும். உன் ட்ரெய்லரின் பக்கவாட்டுத் தகடு அலுமினியமோ ஃபைபரோதான், அதில் நிற்காது. பின் பம்பர் இரும்பு என்பதால் அங்கே ஒட்டலாம். ஆனால் அவ்வளவு கீழே வைத்தால் பத்து மைல் போவதற்குள் கண்ணாடி முழுக்கப் புழுதி. போதாததற்கு ஒவ்வொரு தடவையும் அதைச் சார்ஜ் போட நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். உனக்கு இருக்கிற வேலையில் அது நடக்காது.

போனிலேயே படம் வருகிற வைஃபை கேமராவும் வேண்டாம். வழி காட்டுவதும் அந்த போன், பேசுவதும் அந்த போன். ரிவர்ஸில் இருக்கும்போது யாராவது கூப்பிட்டால் படம் மறைந்துவிடும். நாங்கள் கூப்பிட்டாலும் அதே கதிதான். தனி மானிட்டரோடு வருகிற டிஜிட்டல் செட்டாக வாங்கு. பழைய அனலாக் செட் விலை குறைவுதான், ஆனால் பக்கத்தில் வேறு சிக்னல் இருந்தால் படத்தில் கோடு கோடாக ஓடும்.

டிஜிட்டலிலும் ஒரு ஆபத்து உண்டு, இதை இரண்டு தடவை படி. சிக்னல் விட்டால் சில செட்டில் படம் அப்படியே உறைந்து நின்றுவிடும். பின்னால் காலியாக இருக்கிற மாதிரியே காட்டிக்கொண்டிருக்கும். அதை நம்பி நீ வந்துகொண்டிருப்பாய். படமே வராவிட்டால் இறங்கிப் பார்ப்போம். பழைய படம் நின்றுகொண்டிருந்தால் யார் இறங்குவார்கள்? சிக்னல் போனால் திரை கறுப்பாகிச் சொல்லிவிடுகிற செட்டாகப் பார்த்து வாங்கு. வாங்கியவர்கள் இதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடிப் படி.

பெட்டியில் போட்டிருக்கும் தூரத்தை நம்பாதே. அது வெட்டவெளியில் அளந்தது. உன் கேமராவுக்கும் உன் சீட்டுக்கும் நடுவில் 26 அடி ட்ரெய்லர், அதற்குள் ஃபிரிட்ஜ், இரும்புச் சட்டம், அப்புறம் உன் பிக்கப் வண்டியின் நீளம். நீள ஒயரோடு தனி ஆன்டெனா கொடுக்கிறார்களா என்று பார். துளை போடும் முன்னால் கேமராவை டேப் போட்டு ஒட்டி, வாசலிலேயே ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்.

துளையே தேவைப்படாமலும் இருக்கலாம். ட்ரெய்லரின் பின்பக்கம் மேலே, நடுவில் இருக்கும் மூன்று சிவப்பு விளக்குகளுக்குப் பக்கத்தில் கறுப்பு மூடி ஒன்று இருக்கிறதா என்று ஏணி போட்டுப் பார். நிறைய ட்ரெய்லர்களில் கம்பெனியிலேயே கேமராவுக்கு இடமும் ஒயரும் விட்டிருக்கிறார்களாம். ஆனால் அந்த ஒயருக்குப் பெரும்பாலும் பார்க்கிங் விளக்கு லைனில் இருந்துதான் கரண்ட் வரும். பகலிலும் விளக்கைப் போட்டால்தான் கேமரா வேலை செய்யும். இது தெரியாமல் செட்டு கெட்டுப்போச்சு என்று திருப்பி அனுப்பிவிடாதே. ஏணியைப் பிடிக்க ஆள் இல்லாமல் ஏறாதே.

மழைக்கு, தண்ணீரும் தூசியும் உள்ளே போகாது என்பதற்கான ஐபி69கே என்ற தரக் குறி போட்டது நல்லது. அழுத்தமாகப் பீய்ச்சியடிக்கிற வெந்நீரையும் தாங்கும்.

மாட்டியதும் இடது வலது சரியா என்று பார்க்க வேண்டும். சில செட்டில் படம் கண்ணாடி மாதிரி மாறி வரும், சிலதில் நேராக வரும், அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம். ஒரு ஆளைப் பின்னால் இடது ஓரம் நிற்க வைத்துக் கையைத் தூக்கச் சொல். திரையிலும் இடது பக்கம் கை எழ வேண்டும். திரையில் தெரியும் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகள் உன் வண்டிக்கு அளந்து போட்டவை இல்லை. மூன்று அடியில் ஒரு செங்கல், பத்து அடியில் ஒரு செங்கல் வைத்து, அவை திரையில் எங்கே வருகின்றன என்று கண்ணில் பதிய வைத்துக்கொள்.

இன்னொன்று. எனக்கு சீட் வலது பக்கம், அதனால் வலது பக்கமாக வளைத்து ரிவர்ஸ் எடுப்பதுதான் சுலபம். உனக்கு இடது. முடிந்த மட்டும் இடது பக்கமாக வளைகிற இடமாகப் பார்த்துப் பிடி. ஸ்டீயரிங்கின் அடியில் கையை வை. ட்ரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போகவேண்டுமோ, அந்தப் பக்கம் கையைத் தள்ளு. மெதுவாக. சந்தேகம் வந்தால் நிறுத்தி இறங்கிப் பார். மேலே இருக்கிற மரக்கிளையைக் கேமரா காட்டாது. ட்ரெய்லரை ஒடிக்கும்போது உன் பிக்கப்பின் மூக்கு எங்கே போகிறது என்பதையும் காட்டாது. அங்கே லாரிக்காரர்களும் 'இறங்கிப் பார்' என்பதைத்தான், இங்கிலீஷில் 'கெட் அவுட் அண்ட் லுக்' என்பதன் முதல் எழுத்துகளைச் சேர்த்து, 'கோல்' என்று சொல்லிக்கொடுக்கிறார்களாம்.

உங்கள் ஊரில் 2018 மே 1 முதல் புதுக் கார்களுக்கும் சாதாரண பிக்கப்களுக்கும் ரிவர்ஸ் கேமரா கட்டாயம் என்று தம்பி படித்துக் காட்டினான். ட்ரெய்லருக்கு அது கிடையாது. உன் பிக்கப் கேமராவோ, ட்ரெய்லரைக் கொக்கியில் மாட்டியதும் ட்ரெய்லரின் முகத்தைத்தான் காட்டும். அந்தச் சட்டத்துக்கு ஒரு இரண்டு வயதுக் குழந்தையின் பெயர். குழந்தையின் அப்பா டாக்டர். சொந்த வீட்டு வாசலில் அவரே ரிவர்ஸ் எடுத்த வண்டி. தம்பி படித்து முடித்ததும் நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

நவம்பரில் பிக் பெண்டு தேசியப் பூங்காவுக்குப் போவதாகச் சொன்னாய். எத்தனை பேர் என்று சொல்லவில்லை. அங்கே சிசோஸ் பேசின் ஏறும் சாலைக்கு 20 அடிக்கு மேல் ட்ரெய்லர் வேண்டாம் என்று பார்க் நிர்வாகமே சொல்கிறது. உன்னுடையது 26. கொல்லிமலை வளைவு மாதிரி நினைத்துக்கொள். ஆற்றோரம் ரியோ கிராண்டே வில்லேஜ் பக்கம் நிறுத்து. அங்கேயும் ரிவர்ஸில் ஏற்றும் முன் இறங்கிப் பார்.

நீ அனுப்பிய படம் எல்லாவற்றையும் அம்மா நேற்று மறுபடி பார்த்தாள். எல்லாமே வெளியில் இருந்து ட்ரெய்லரை எடுத்த படம். இரண்டில் மட்டும் நீ இருக்கிறாய், நீயே கை நீட்டி எடுத்தது. உள்ளே சமையல் மேடையில் ஒரு டம்ளர் இருந்ததாம். அம்மா அதைச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கண்ணு, ஆறு சக்கர வண்டியின் பின்கதவில் ஒரு குழி இருக்குமே, சின்னதில் நீ விரலை விட்டு விளையாடுவாய். எப்படி ஆச்சுப்பா என்று கேட்பாய். பெல்லாரியில் லோடு ஏற்றும்போது இடித்தது என்று சொல்லி வைத்திருந்தேன். அது பொய்.

நீ பவானியில் பால்வாடிக்குப் போன வருஷம் அது. பாட்டிக்கு உடம்பு சரியில்லை, அம்மா பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறாள் என்றுதான் எல்லோருக்கும் சொன்னோம். பாட்டிக்கு ஒன்றும் இல்லை. அம்மாவின் செயினை அவளிடம் கேட்காமல் பெரியப்பாவுக்காக அடகு வைத்துவிட்டேன். அவள் கேட்டபோது, கேட்கிற உரிமையே இல்லாத மாதிரி பேசினேன். உன்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பதினோரு மாசம். இங்கிருந்து பவானி எவ்வளவு தூரம், நீயே சொல். வாரம் இரண்டு நடை அந்தப் பாலத்தைத் தாண்டினேன், வண்டியை நிறுத்தவில்லை. போனவளுக்கு வரத் தெரியாதா என்று இருந்தேன்.

அப்போது இருந்த கிளீனர் சின்னப் பையன். கிருஷ்ணகிரியில் டீ குடிக்கும்போது, "அக்காவைப் போய்க் கூட்டிட்டு வந்துருங்கண்ணா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அந்த இடத்திலேயே கணக்கை முடித்துப் பஸ்ஸுக்குக் காசு கொடுத்து இறக்கிவிட்டேன். ராத்திரி பெங்களூர் குடோனில் தனியாக ரிவர்ஸ் எடுத்தேன். யாரையும் கூப்பிடவில்லை, இறங்கியும் பார்க்கவில்லை. இரும்புத் தூணில் மோதி நின்றது. இறங்கிப் போனால், தூணுக்கு அந்தப் பக்கம் சுமை தூக்கும் ஆள் ஒருவர் துண்டை விரித்துப் படுத்திருந்தார். சத்தத்தில் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்தத் தூண் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பது இன்றைக்கும் எனக்குத் தூக்கத்தில் வரும்.

விடிந்ததும் காலி வண்டியோடு நேராகப் பவானிக்கு வந்தேன். கூடுதுறைப் பக்கம் அந்தச் சந்தில் கொண்டுபோய் வண்டியை விட்டுவிட்டேன், திருப்ப இடமே இல்லை. அம்மா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பின்கதவைப் பார்த்தாள். உன்னை எடுத்து கேபினில் உட்கார வைத்தாள். அப்புறம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போய் நின்றாள். தகட்டைக் கையால் தட்டித் தட்டி, "வரட்டும், வரட்டும்" என்று சொல்லிக்கொண்டே மெயின் ரோடு வரைக்கும் பின்னாலேயே நடந்து வந்தாள். அவளுக்கு அதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை. அந்தப் பையனைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

இதை நான் உன்னிடம் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். உன் கல்யாணத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும்.

கேமரா வாங்கியதும் மாதிரியை எழுது, தம்பியிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன். இடது கை சோதனை முடித்து, அந்தத் திரையைப் படம் எடுத்து அனுப்பு. மாட்டும்வரை வண்டியை எடுக்காதே. மாட்டிய பிறகும் இறங்கிப் பார்.

மருமகளுக்குப் பிடிக்கும் என்று அம்மா கொள்ளுப் பருப்புப் பொடியும் முருங்கைக்கீரைப் பொடியும் அரைத்து வைத்திருக்கிறாள். அடுத்த வாரம் பார்சல் போடவேண்டும். எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று கேட்கிறாள்.

அன்புடன்,
அப்பா