இறம்பொடை ஏற்றத்தில் கைகொடுத்த அண்ணனுக்கு

கடந்த செவ்வாய்க்கிழமை மாலை, புஸ்ஸல்லாவை தாண்டி இறம்பொடை வளைவுகளில் டிரெய்லரை இழுத்துவந்த என் பழைய கெப் வண்டி கொதித்து நின்றது. ரேடியேட்டர் மூடியைத் திறக்கப்போன என் கையைத் தட்டிவிட்டீர்கள். "ஆறட்டும் தம்பி, வெந்துவிடும்."

சமதரையில் சூட்டு முள் அசைவதில்லை, சுமையோடு மெதுவாக ஏறும்போதுதான் ஏறுகிறது என்றேன். நிறுத்தியிருந்த என்ஜினின் விசிறியை ஒரு விரலால் தள்ளினீர்கள். காற்றாடிபோல் சுழன்றது. "இந்தச் சூட்டில் இது இறுகிப் பிடிக்க வேண்டும். விசிறியை என்ஜினோடு பிணைக்கும் விசிறிக் கிளட்ச்சின் எண்ணெய் கசிந்திருக்கிறது, பாருங்கள்" என்று கறுத்த பிசுக்கைக் காட்டினீர்கள்.

தெர்மோஸ்டாட், தண்ணீர்ப் பம்பு எல்லாம் மாற்றிப் பார்த்தவன் நான். இந்தச் சோதனையை யாரும் சொல்லித்தரவில்லை. விசிறிக் கிளட்ச்சை மாற்றினேன், அதே ஏற்றத்தில், அதே சுமையோடு, முள் நடுவிலேயே நின்றது.

பெயர் கேட்பதற்குள் தேயிலைக் கொழுந்து லொறியில் ஏறிப் போய்விட்டீர்கள். மனமார்ந்த நன்றி, அண்ணா.